பக்கத்தில் ஒன்றும் எழுதாத 185

கதிரியக்க மருந்தை அளந்து கொடுக்கிற எங்கள் தொழிலில் சரக்கு ஒன்றுதான், அளவு மட்டும் இரண்டு. பழைய ஆட்கள் மில்லிகியூரி என்பார்கள். பதிவேடு மெகாபெக்கரல் கேட்கும். ஒரு மில்லிகியூரிக்கு முப்பத்தேழு மெகாபெக்கரல். முப்பது என்றோ நாற்பது என்றோ வைத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? கொல்கத்தாவில் காட்டாக் கணக்கில் மனை பார்த்துவிட்டு, அதைச் சென்னையில் இருக்கிற அண்ணனுக்கு கிரவுண்டு கணக்கில் சொல்லத் திண்டாடினவர்களுக்கு என் பாடு புரியும். பன்னிரண்டு வருஷமாக இங்கே கொல்கத்தாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இதுதான் என் உத்தியோகம்.

பட்டன் சண்டை

மருந்தை அளக்கும் மெஷினில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மில்லிகியூரி, இன்னொரு தரம் அமுக்கினால் மெகாபெக்கரல். எங்கள் டெக்னீஷியன் தபன்தா, என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், அதனால் ஊர் வழக்கப்படி பெயரோடு அண்ணன் என்கிற 'தா', காலையில் வந்ததும் அதை மில்லிகியூரிக்கு மாற்றிவிடுவார். லேக் கார்டன்ஸிலிருந்து ஆட்டோ பிடித்து, கரியாஹாட் நெரிசலில் வெந்து நான் வந்து சேர்வேன். வந்ததும் முதல் காரியம் அதைத் திருப்பி மாற்றுவது. டீக்குப் போய்விட்டு வந்தால் மறுபடியும் மில்லிகியூரி!

ஒரு நாள் பொறுமை போய், "உங்களுக்கு என்னதான் பிரச்சினை தபன்தா?" என்று கத்தியேவிட்டேன். மனுஷர் அசரவில்லை. கையுறையை நிதானமாகக் கழற்றிக்கொண்டே வங்காளத்தில் சொன்னார்: "மேடம், எங்க ஸ்கூல்ல இருபதாம் வாய்ப்பாட்டோட நிறுத்திட்டாங்க."

பத்தா, முந்நூற்று எழுபதா?

பாராசத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்து, ஆள் துரும்பாக இளைத்திருந்தார். போன தடவை கொடுத்த சீட்டில் 370 என்று இருந்தது. இந்தத் தடவை தபன்தா கைவண்ணத்தில் 10. இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு. பெரியவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. நான் பேப்பர் எடுத்துப் பெருக்கிக் காட்டினேன். பெருக்கல் சரிதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேம்மா. பத்து வாங்கிட்டு வந்தேன்னு வீட்ல எப்படிச் சொல்றது? முந்நூத்தி எழுபதுன்னே எழுதிக் குடுத்துடு."

ஜெயந்தியின் பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஜெயந்தி சால்ட் லேக்கில் இருக்கிற பெண். கணவருக்கு மத்திய அரசு வேலை, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். தைராய்டு புற்றுநோய்க்குச் சென்னையில் ஆபரேஷன் ஆகி, போன வருஷம் அங்கேயே நூறு மில்லிகியூரி அயோடின் குடித்திருந்தாள். பிறகு கணவருக்கு இங்கே மாற்றல். ஒரு வருஷம் கழித்துச் செய்ய வேண்டியதற்கு அந்த டாக்டர் கொடுத்தனுப்பிய கடிதத்தில் 'அயோடின் 185' என்று இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

வேறு எண்ணாக இருந்தால் முப்பத்தேழு மடங்குப் பிழை கண்ணை உறுத்தியிருக்கும். பாழாய்ப்போன இந்த 185 இரண்டு பக்கமும் பொருந்தும். மெகாபெக்கரல் என்றால் வெறும் ஸ்கேனுக்கான ஐந்து மில்லிகியூரி. மில்லிகியூரி என்றால் பெரிய சிகிச்சை, உடம்பிலிருந்து கதிர் வீசும் என்பதால் சில நாள் தனியறையில் இருக்க வேண்டும். தபன்தா மில்லிகியூரி என்றே எடுத்துக்கொண்டு தனியறை ஒதுக்கினார். பட்டனுக்காகத் தினமும் சண்டை போடுகிற நானும், கடிதத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஜெயந்தி பெட்டியோடு வந்து நின்றாள். நாலு வயசுப் பெண்ணைப் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி காக்கிமாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தமிழ் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, போன வருஷம் நூறு. இப்ப நூத்தி எண்பத்தஞ்சுங்காங்க. அப்ப வியாதி ரெட்டிப்பாயிட்டா?" ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள், முகமே சொல்லிற்று. ஆறுதல் சொல்வதற்காகத்தான் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கீழே சின்ன எழுத்தில் 'ஸ்கேன்' என்று இருந்தது. சென்னைக்குப் போன் போட்டேன். "மெகாபெக்கரல்தாம்மா, வேறென்ன?" என்றார் அந்த டாக்டர், சர்வசாதாரணமாக.

அவளை உட்காரவைத்து, தப்பு எங்களுடையது, வியாதி ஒன்றும் ரெட்டிப்பாகவில்லை, இது சரிபார்க்கிற ஸ்கேன்தான், இன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் கொஞ்ச நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். "மடியில வேண்டாம்க்கா. வாசல்ல நின்னு பாத்தாப் போதும்."

சுவரில் ஒரு வாய்ப்பாடு

அன்றைக்குத் தபன்தா மத்தியானச் சாப்பாட்டை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போனார். நடந்ததை எழுதி மேலே அனுப்பினேன். முதல் பெயராக என் பெயரைத்தான் எழுதினேன், படித்துப் பார்க்க வேண்டியவள் நான்தானே. ஜெயந்தியின் ஸ்கேனில் மிச்சம் மீதி எதுவும் இல்லை என்று வந்தபோது, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தபன்தாவிடம்தான் முதலில் ஓடினேன். அவர் திரும்பத் திரும்ப இரண்டு தரம் படித்தார்.

மறுநாள் மெஷினுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. முப்பத்தேழாம் வாய்ப்பாடு, வங்காள எண்களில், அவர் கையெழுத்து. ஐந்தாவது வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பட்டனை அன்று நான் தொடவில்லை, அவரும் தொடவில்லை. வட்டத்தைக் காட்டிச் சொன்னார்: "அளவு எழுதாத நம்பர் வந்தா நான் மருந்து எடுக்க மாட்டேன் மேடம், நீங்களும் கையெழுத்துப் போடாதீங்க."

முப்பத்தேழால் பெருக்கப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும் எனக்கு, எதைப் பெருக்குகிறோம் என்று கேட்கத்தான் ஒரு தாய் பெட்டியும் கையுமாக வந்து நிற்க வேண்டியிருந்தது.