குடும்பத்துக்கு ஒரே அட்டை

இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். சம்பளம் சுமார், நாற்காலி நல்ல நாற்காலி, டாக்டர் தங்கமான மனுஷர். புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைகளுக்குப் போகிற சாலையில், கார் பட்டறைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிளினிக். ‘ஒரே எடத்துல உக்காந்து சலிக்கலையா?’ என்று கேட்காத ஆள் இல்லை. சலிக்கவே இல்லை. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த வேலைக்கு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை வெளியில் சொன்னதில்லை.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சை இரும்பு அலமாரி. அதன் இழுப்பறைகளில் நோயாளிகளின் அட்டைகள். ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. மேலே அப்பாவின் பெயர் இருக்கும். அவர் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் அடுக்குவோம். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அதே அட்டையில் அடுத்த வரி. மாமனாரின் சர்க்கரைக்குக் கீழே மருமகளின் வெள்ளைப்படுதல், அதற்குக் கீழே பேரனின் சளி. டாக்டர் தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய் வைத்தியம் பார்த்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் அப்படித்தான் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்திருப்பார். அந்தப் பழக்கத்தை டாக்டர் அப்படியே டவுனுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நானும் பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். அந்த டிரஸர் புத்தகத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் அதில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால் மத்தியானத்துக்குள் லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரிந்துவிடும். என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது அதில்?

எங்கள் குடும்ப அட்டையும் அந்த அலமாரியில்தான் இருந்தது, எஸ் எழுத்து இழுப்பறையில். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சுகமாகப் பிறந்தான். இரண்டாவது பெண். அவளைப் பெறும்போது ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தேன். இன்னொன்று வந்தால் உயிருக்கு ஆபத்து என்று அப்போதே சொன்னார்கள். அவளுக்கு மூன்று வயதாகும்போது இன்னொன்று வந்துவிட்டது. டாக்டர் கடிதம் கொடுத்து ஊருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயும் இரண்டு டாக்டர்கள் பார்த்து, உயிருக்கு ஆபத்து என்பதால் சட்டப்படி கலைக்கலாம் என்றார்கள். கலைத்தார்கள். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் ஆஸ்பத்திரி பதில் கடிதம் அனுப்பியது. அதை இங்கே இருந்த பழைய கவுண்டர்காரி குடும்ப அட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் போட்டுவிட்டாள். மாதா மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் என் மாமியார் கையில் அந்த அட்டையைத்தான் கொடுத்து, டாக்டர் அறைக்குள் அனுப்புவார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரியுமே! ஒவ்வொரு மாதமும் அவர் மாத்திரைக்குக் கிளம்பினால், திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பழையவள் வேலையை விட்டாள் என்று கேள்விப்பட்ட அன்றே போய் டாக்டரிடம் வேலை கேட்டேன். அந்த அட்டைக்குக் காவல் இருக்கத்தான் வேலைக்கே போனேன். மாமியார் காலமாகிப் பல வருஷமாகிறது. நான் மட்டும் காவலை விடவில்லை.

ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கலாம். எனக்கு ரத்த அழுத்தம் இன்னும் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் டாக்டருக்கு அந்தக் கடிதம் வேண்டும். கிழிக்கவும் முடியாது, யார் கையிலும் கொடுக்கவும் முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம், டாக்டருக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் ஆசை வந்தது. அட்டைகளை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். ‘ஒம் பொண்ணு லீவுலதானே இருக்கு? வரச் சொல்லும்மா’ என்றார். என் மகள் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி மறுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏ எழுத்தில் ஆரம்பித்தாள்.

அதே வாரத்தில்தான் அமெரிக்காவில் அந்தத் தீர்ப்பு வந்தது. கர்ப்பத்தைக் கலைக்கப் பெண்களுக்கு அரசியல் சாசனம் கொடுத்திருந்த பாதுகாப்பு இனிமேல் இல்லை என்று அங்குள்ள பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டது. மகள் போனைப் பார்த்தபடி கொதித்தாள்.

‘அம்பது வருஷமா இருந்த உரிமைமா. ஒரு காலையில இல்லன்னுட்டாங்க!’

‘அமெரிக்காக்காரிக்கு நடந்தா நமக்கென்னடி? நீ டைப் பண்ணு.’ சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

‘கர்ப்பம் மட்டும் இல்லமா. ப்ரைவசிங்கிற வார்த்தையே அவங்க சாசனத்துல கெடையாது. சுதந்திரம்னு இருக்கிறதுக்குள்ள அதுவும் அடங்கும்னு ஜட்ஜுங்கதான் சொல்லி வச்சிருந்தாங்க. இப்ப வேற ஜட்ஜுங்க அடங்காதுங்கிறாங்க. இன்னிக்கு இது. நாளைக்கு கர்ப்பத்தடை மாத்திரை. அப்புறம் யாரு யாரைக் கட்டிக்கலாம்கிறது. எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது.’

‘நம்ம சட்டத்துல அந்த வார்த்தை இருக்கா?’

‘இல்ல. உயிர், சுதந்திரம்னு இருக்கு. அதுக்குள்ளதான் நாமளும் தேடணும்.’ பிறகு சொன்னாள்: ‘அங்க பொம்பளைங்க மாதவிலக்கு நாள் குறிக்கிற ஆப்பையெல்லாம் போன்லேர்ந்து அழிக்கிறாங்களாம். நாளைக்கு அதையே சாட்சியாக் காட்டிருவாங்களோன்னு பயம்.’

எனக்கு எஸ் இழுப்பறை ஞாபகம் வந்தது. சாசனத்தில் எழுதி வைக்காததால் அங்கே உரிமை போயிற்று. அட்டையில் எழுதி வைத்ததால் இங்கே நான் பதினெட்டு வருஷமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அல்லா, முருகா, யாராவது இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மகள் எம் எழுத்தில் இருந்தபோது எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா வந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கையில் ஒரு பை வாழைப்பழம்.

‘தங்கச்சி, எங்க வீட்டு கார்டை கொஞ்சம் எடுத்துக் குடு லா. மருமக வந்து என்ன வாங்கிட்டுப் போறான்னு பாக்கணும். கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணையும் காணோம். மாத்திரை கீத்திரை போடுறாளோ என்னமோ.’

என் கை தானாக இழுப்பறைக்குப் போய்விட்டது. அதுதான் பழக்கம். குடும்ப அட்டை, குடும்பத்தில் மூத்தவர் கேட்கிறார், எடுத்துக் கொடு. மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

‘ஆன்ட்டி, குடுக்க முடியாது. அது உங்க மருமகளோடது.’

‘என்னம்மா பேசுற? எங்க வீட்டுக்காரர் பேருல இருக்கிற கார்டு!’

‘பேரு அங்கிளோடதுதான். ஒடம்பு அவங்களோடது.’

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாழைப்பழப் பையை எடுத்துக்கொண்டு, ‘படிச்ச திமிரு’ என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, நானும் பிழைத்துத்தான் கிடந்தேன்.

அக்கா போனதும் மகள் மெதுவாகக் கேட்டாள். ‘முன்னாடி குடுத்திருக்கியாமா?’

கொடுத்திருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்டால் எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு முறை அப்படிக் கொடுத்து, மாத்திரை சாப்பிட்டது தெரிந்து, ஒரு பெண்ணை அடித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அட்டை வழியாகத்தான் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். என் அட்டைக்கு மட்டும் காவல் காத்துக்கொண்டு, ஊரார் அட்டையை உருவி உருவி நீட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எஸ் எழுத்துக்கு வந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு எஸ்ஸில்தான் பெயர், அதனால் இரண்டு நாள் தாக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். மகளுக்குத் தெரிந்தால் என்னை வெறுப்பாள் என்ற பயமில்லை எனக்கு. தன்னைப் பெற்றதால்தானே அம்மா உடம்பு கெட்டது, தன்னால்தானே அடுத்தது போயிற்று என்று எண்ணிவிடுவாளே, அந்தப் பயம். நாலைந்து வயதில் அவள் ‘தம்பிப் பாப்பா வாங்கிக் குடு’ என்று புரண்டு புரண்டு அழுவாள். அதை வைத்து வீட்டில் இன்னும் கேலி செய்வார்கள்.

மத்தியானம் அவள் பக்கத்துக் கடைக்குச் சாப்பிடப் போன நேரம் இழுப்பறையை இழுத்தேன். அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகு யோசிக்கலாம் என்று திட்டம். விரல் முனையில் எனக்கு அந்த அட்டையின் இடம் தெரியும். இடம் காலியாக இருந்தது. முன்னும் பின்னும் தேடினேன். இல்லை.

அன்று சாயங்காலம் வரை நான் என்ன வேலை செய்தேன் என்று என்னையே கேட்டால் தெரியாது. ஒரு குழந்தையின் காய்ச்சல் மருந்தை வேறு யாரோ ஒரு தாத்தா கையில் கொடுத்துவிட்டேன், அவர் திருப்பிக் கொண்டுவந்தார். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

வேலை முடிந்து காரில் ஏறினோம். அவள்தான் ஓட்டினாள். தெங்கேரா பக்கம் விட்டு, செண்டோல் ஐஸ் கடை முன்னால் நிறுத்தினாள். இரண்டு கிண்ணம் வந்தது. நான் கரண்டியைக்கூடத் தொடவில்லை.

‘நம்ம வீட்டு கார்டு எங்க?’

‘டாக்டர்கிட்ட.’ ஐஸைக் கிளறிக்கொண்டே சொன்னாள். ‘கட்டுல அப்பா பேரைப் பாத்ததும் தொறக்காமலே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். நம்ம வீட்டு கார்டை நான் ஏத்தக் கூடாது டாக்டர், நீங்களே ஏத்துங்கன்னேன். ஆளுக்கொரு ஃபைல் போட்டிருக்காரு. உன்னோடதுக்கு நீயே பாஸ்வேர்டு வச்சுக்கலாமாம்.’

‘நீ படிக்கலையா?’

‘உன் கார்டுமா. நான் ஏன் படிக்கணும்?’

அந்தப் பச்சை அலமாரிக்கு முன்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன், இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லிக் கேட்க. அழுகை வந்தது, நன்றாக அழுதேன். கடைக்காரச் சீனர் ஒரு கட்டு டிஷ்யூ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று மகள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தான் சொன்னேன். வலிப்பு, மூன்று நாள், கடிதம், வாசலில் அவள் அப்பா, எல்லாவற்றையும் சொன்னேன். செண்டோல் இரண்டும் உருகித் தண்ணீராகிவிட்டது.

அவள் தன்னைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். ‘என்னாலயாமா?’ என்று கேட்டால் என்ன சொல்வதென்று பல வருஷமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பதிலுக்கு வேலையே வரவில்லை.

‘நான் தம்பி வேணும்னு அழுவேன்ல,’ என்றாள், ‘அப்பல்லாம் உனக்கு எப்படிமா இருந்துச்சு?’