பாறையில் காது வைத்த நாள்

நீர்வேலியில் எங்கள் வளவுக்குள் ஷெல்லடிக்கு ஒளியப் பங்கர் குழி வெட்டத் தொடங்கிய அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. செம்மண் இடுப்பளவு இறங்கியதும் சுண்ணாம்புக்கல் வந்தது. என் கணவர் அலவாங்குக் கம்பியால் ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் ஊர்க் கல்லுக்குள் குகையும் தண்ணீரும் கிடக்கும்.

“ஷெல் விழுந்தால் கல்லு இடிஞ்சு பிள்ளையோடை உள்ளுக்குப் போயிடுவம்,” என்றேன்.

“மேலையும் பயம், கீழையும் பயம். நடுவிலை தொங்குவமே?” என்றார்.

வேலிக்கு அப்பால் நின்ற விஞ்ஞான ஆசிரியர் சிரித்தார். “தங்கச்சி, பூமிக்குள்ளை ஆரும் போய்ப் பாக்கேல்லை. ஒரு பக்கம் நிலம் நடுங்க, மற்றப் பக்கத்திலை கருவி வைச்சுப் பாக்கினம். ஒருவகை அலை குழம்புக்குள்ளாலை போகாது. அது வராத இடத்தை வைச்சுத்தான் உள்ளுக்கை உருகின குழம்பு கிடக்கெண்டு கண்டவை. நீங்களும் தட்டிக் கேளுங்கோவன், கேட்டால் கல்லு கெட்டி.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் குழிக்குள் இறங்கி, ஒரு மூலையில் கல்லில் காதை வைத்துப் படுத்தேன். என் கணவர் மறுமூலையில் தட்டினார். தட்டு, கூர்மையாகக் காதுக்குள் வந்தது. ஓரத்தால் சுற்றி வந்திருந்தால்? நடுவில் பொள்ளலாக, குகையாக இருந்தால்?

“கேட்டதோ?”

“இல்லை,” என்றேன்.

அவர் தேசிமரத்தடியில் புதிதாக வெட்டத் தொடங்கினார். பிள்ளை விழுந்துவிடுவாள் என்று நான் நச்சரித்ததில் பழைய குழியையும் மூடினார்.

மூன்றாம் நாள் காலை ஷெல் வந்தது. புதுக்குழி முழங்காலளவுகூட இல்லை. மகளை எனக்குக் கீழே போட்டுக் குப்புறப் படுத்தேன். முதலில் நிலம் என் வயிற்றில் உதைத்தது. பிறகுதான் சத்தம் வந்தது. காற்றைவிடக் கல்லுக்குள்ளால் அதிர்வு வேகமாக வருகிறது என்று உடம்பே சொல்லிற்று. அடுத்த ஷெல்லில் உதைப்புக்கும் சத்தத்துக்கும் இடைவெளி குறைந்தது. அதற்கடுத்ததில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. எங்கள் மேல் மண் கொட்டியது. மகளின் மூச்சைத் தேடினேன், இருந்தது.

பிறகு இடைவெளி மெல்ல மெல்லக் கூடி, எல்லாம் தூரப் போயிற்று.

பக்கத்தில் கிடந்த அவர் எழுந்து தலையில் கிடந்த மண்ணைத் தட்டினார். “அந்தக் குழி மட்டும் நல்லதா இருந்திருந்தால்...”

“கேட்டது,” என்றேன்.

“என்ன?”

“அண்டைக்குத் தட்டினது. வடிவாக் கேட்டது. பயத்திலை இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் மூடிய குழிக்குப் போய் அலவாங்கை நட்டுவிட்டு மண்வெட்டியை என் கையில் தந்தார்.

“இந்த மண் உம்மாலை மூடினது, நீரே அள்ளும்.”

அள்ளினேன்.