எல்லோரும் ஒப்பமிட்ட வேட்புமனு

தூத்துக்குடியில் கையெழுத்துக் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. பஸ் நிறுத்தத்தைக் கோயிலுக்கு எதிரே மாற்ற வேண்டும் என்று காலையில் ஒரு மனு வரும்; மாற்றவே கூடாது என்று மாலையில் இன்னொன்று வரும். எங்கள் தெருப் பலசரக்குக் கடைக்காரர் இரண்டிலும் ஒப்பமிட்டார். "என்ன அண்ணாச்சி, ரெண்டிலயும் போட்டிருக்கிறீங்கள்?" என்றேன். "வீடு தேடி வந்து கேக்கான். இல்லைன்னா முகம் வாடிரும்லா? மாத்துததும் மாத்தாததும் கவர்மெண்டு பாடு" என்றார். கொழும்புத் தேர்தல் திணைக்களத்தில் கையெழுத்துகளைச் சரிபார்த்தே தலை நரைத்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று கொழும்பிலிருந்து பழைய சகாக்கள் நீங்கள் இன்னமும் கேட்டு எழுதுகிறீர்கள். என் மனைவி இந்த ஊர்க்காரி. ஓய்வு பெற்றதும் தன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை. நிபந்தனைகளை மதிப்பது என் தொழில். சும்மா இருக்க முடியாமல் ஒரு டுட்டோரியலில் குடிமையியல் நடத்துகிறேன். சட்டைப்பையில் இலங்கைக் கடவுச்சீட்டு. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் வருஷந்தோறும் காத்துக் கிடப்பு. மற்ற நாட்களில் இந்தியப் பிள்ளைகளுக்கு இந்திய அரசியலமைப்புப் பாடம். இதில் யாருக்கும் எந்த முரணும் தெரியவில்லை என்பதுதான் இந்த ஊரின் பெருந்தன்மை.

நம் நாட்டில் ஜனாதிபதியைப் பிரதமர் நியமிக்கிறார். ஒரு பேனா போதும். இங்கே அப்படியில்லை. மாநிலத்தின் மக்கள்தொகையை வகுத்து ஒவ்வொரு எம்.எல்.ஏ.யின் வாக்குக்கும் ஒரு மதிப்பு, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று பார்க்கப் பார்க்க வாய் ஊறும் நடைமுறை. இந்த எழுபத்தேழாம் ஆண்டுத் தேர்தலுக்காகப் பிள்ளைகளை நன்றாகத் தயார்படுத்தியிருந்தேன். டெல்லியில் ஒருவரைத் தவிர மற்றவர்களின் மனுக்களெல்லாம் தள்ளுபடியாகிப் போட்டியே இல்லாமல் முடிந்துவிட்டது. இலை போட்ட பிறகு பந்தி இல்லை என்று சொன்ன மாதிரி. விடக்கூடாது என்று வகுப்புக்கே ஒரு ஜனாதிபதித் தேர்தலை அறிவித்தேன். டுட்டோரியல் முதலாளியும் குஷியாகி, ஜெயிப்பவரின் ஒரு கோரிக்கையை நிறைவேற்றுவதாக வாக்குக் கொடுத்தார்.

இரண்டு பேர் நின்றார்கள். நாசரேத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் செல்வினுக்குப் பொது அறையில் ஒரு ரேடியோ வேண்டும். கிரிக்கெட்டும் கொழும்பு வானொலிப் பாட்டும் கேட்க. வேம்பாரிலிருந்து வரும் லூர்தம்மாளுக்கு மாலை வகுப்பு அரை மணி நேரம் முன்னதாக முடிய வேண்டும். கடைசி பஸ்ஸை இன்னொரு முறை தவறவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டார். தேர்தல் அதிகாரி நடுநிலையானவர் என்று விதி சொல்கிறது. எனக்கு ரேடியோ வேண்டும் என்பதையும், அந்தக் கடைசி அரை மணி நேரம் என் பாடம் என்பதையும் விதி கேட்கவில்லை.

ஒருவர் ஒரு வேட்பாளரின் மனுவில்தான் முன்மொழிந்து ஒப்பமிடலாம். இரண்டில் இட்டால் முதலில் வந்ததே செல்லும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மனுக்களைப் பிரித்தால் இரண்டிலும் மொத்த வகுப்பும் கையெழுத்திட்டிருந்தது. செல்வினின் மனுவில் லூர்தம்மாளின் கையெழுத்தே இருந்தது.

"என்ன பிள்ளை இது? எதிராளிக்கு நீயே போட்டிருக்கிறாய்?"

"கேட்டான், போட்டேன் சார். நாளைக்கு நானும் அவன்கிட்ட கேக்கணும்லா?"

செல்வினின் மனு முதலில் வந்திருந்தது. லூர்தம்மாளுடையதைத் தள்ளுபடி செய்து, அவன் போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்தேன். "டெல்லி மாதிரியே ஆயிட்டு சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கைதட்டினான்.

லூர்தம்மாள் அழவில்லை. எழுந்து நின்றாள். "சார், அதிகாரிமாரு அரசியலமைப்புக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும்னு போன வாரம் சொன்னியள்லா?"

"ஓம்."

"நீங்க எடுத்தியளா?"

"நான் எப்படி எடுக்கிறது? நான் வேறு நாட்டுக்காரன்."

"அப்பம் எங்க மனுவ நீங்க தள்ளுனது மட்டும் எப்படிச் செல்லும்?"

"ஏளா, சாரையே டிஸ்மிஸ் பண்ணிட்டியே!" என்றான் செல்வின்.

இது வகுப்பில் ஒரு விளையாட்டு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் சற்று முன்பு அதே விளையாட்டைச் சட்டமாக்கி அவள் பஸ்ஸைப் பிடுங்கியவன் நான். ஆட்சேபனையை ஏற்று, தேர்தலை ரத்துச் செய்து, பதவி விலகினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமாக நான் தோற்றதில்லை.

மறுதேர்தலைக் கணக்கு வாத்தியார் நடத்தினார், அசல் இந்தியர். இம்முறை ஒவ்வொருவரும் ஒரே மனுவில் ஒப்பமிட்டார்கள். விளைவு, இரண்டு பெஞ்சுகளுக்கிடையே பேச்சுவார்த்தை நின்றது. தூத்துக்குடிக்கு 'முடியாது' என்று சொல்லக் கற்றுக் கொடுத்த புண்ணியம் என்னைச் சேரும். நான் வராந்தாவில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே வாத்தியார் இரண்டாம் விருப்பங்களையும் சேர்த்து எண்ணுவது கேட்டது. இரண்டே வேட்பாளர்கள் என்றால் முதல் விருப்பத்திலேயே முடிந்துவிடும், இரண்டாவதைத் தொடவே கூடாது. அவர் பிழையால் அந்தப் பிள்ளையின் படிப்பே போய்விடலாம். வாசற்படியைத் தாண்டிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. கடைசியில் யாரோ ஒருவன், "சார், அதெல்லாம் சேர்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைலா வருது!" என்று கத்தினான். வாத்தியார் மறுபடி எண்ணினார். லூர்தம்மாள் ஜெயித்தாள்.

என் பாடத்தில் அரை மணி நேரம் பறிபோன முதல் நாள், அவள் வகுப்பில் மறந்துபோன புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். வேம்பார் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கம்பியைப் பிடித்து, படியில் ஒரு காலை வைத்து எட்டி அவளிடம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, ஏறுதியளா எறங்குதியளா?" என்றார் கண்டக்டர்.

பதிலை யோசித்தேன். லூர்தம்மாள் முந்திக்கொண்டாள்: "அவுக அதிகாரியும் இல்ல, வாக்காளரும் இல்ல. நீங்க விசில் அடிங்கண்ணே!"

விசில் ஒலித்தது. ஒரு கால் படியிலும் மறு கால் தரையிலுமாக, கம்பியை விட மனமில்லாமல், பஸ்ஸோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டே ஓடினேன்.