கறியில் ஊற்றிய கள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கள்ளைத் தொடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று உறுதி சொன்னேன். அதை ஒரு பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

அப்பா பனையேறி. சபையில் சேர்ந்த நாள்முதல் கள்ளை விட்டுவிட்டு, கருப்புக்கட்டி காய்ச்சப் பதநீர் மட்டுமே இறக்கியவர். அந்த வருஷம் பனையிலிருந்து விழுந்து கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். நாளாக ஆகக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. வைத்தியரும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அம்மாவிடம், "ஏட்டி, பன்னி எறச்சியில மத்தங்கா போட்டு, கள்ளு ஊத்தி வேவிச்சுத் தருவியா?" என்று கேட்டார். கல்யாணமான புதிதில், சபைக்கு வருமுன், அம்மா அப்படித்தான் வைப்பாளாம்.

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். குடித்ததற்காகச் சபையில் பெயர் வெட்டப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதம்தான் இறந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் தராததால் ஓடைக்கரையில் புதைத்தார்கள். "ஓடைக்கரையிலயா போட்டாவ?" என்று அப்பா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி சபையில் சேராதவர். அம்மா சொல்லியனுப்ப, மத்தியானம் அந்த மாமா இறைச்சியோடு ஒரு கலயம் கள்ளும் கொண்டுவந்தார். நான் மூக்கைப் பொத்தினேன்.

"நாலெழுத்து படிச்ச ஒடனே பாதிரியாராயிட்டியாலே?" என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கொழுப்பு சட்டியில் உருகியதும், நல்லமிளகும் வத்தலும் மல்லியும் சேர்த்து அரைத்ததைப் போட்டு வதக்கினாள். இறைச்சியைப் புரட்டிவிட்டுக் கலயத்தைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் மிச்சமில்லை. நுரைத்துப் பொங்கியது. பாதி வெந்தபின் மத்தங்காயை, அந்த மஞ்சள் பூசணியை, தோலோடு வெட்டிப் போட்டாள். புளிப்பு வாடை அடங்கி இனிப்பாக ஒரு மணம் எழுந்தது. எனக்கு எச்சில் ஊறியது. அதற்காகவும் ஜெபம் செய்தேன்.

அப்பா சாப்பிட்டார். இரண்டு தடவை கேட்டு வாங்கினார். விரலைச் சூப்பினார். நான் தொடவில்லை.

மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில், சபையை நடத்திய உபதேசியார், வாராவாரம் கேட்பதுபோல, "யார் வீட்டில் கள் நுழைந்தது?" என்றதும் எழுந்து நின்றேன்.

சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார். "குடிச்சது யாரு? சீக்காளியா?"

"அவரு நாக்குல ஒரு சொட்டு படல்ல ஐயா," என்றாள் அம்மா. "நாந்தான் குடிச்சேன்."

அப்பா தலையைத் தூக்கி, "ஐயா..." என்றார்.

"நீரு சும்மா கெடயும்," என்று அம்மா அவரைத் தடுத்தாள்.

"பொய்யி! கறியில..." என்று நான் வாயெடுத்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். வலியில் பேச்சு நின்றுபோயிற்று.

அம்மாவின் பெயரை வெட்டினார்கள். திருவிருந்துக்கு எல்லாரும் முன்னே போக, அவள் மட்டும் வாசலோரம் கடைசிப் பாயில் குனிந்திருந்தாள். உபதேசியார் முகத்துக்கு நேரே பொய் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசியில் அப்பா இறந்தார். கோயில் மணி அடித்தார்கள். பாட்டுப் பாடிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில், கிழக்குச் சுவரோரம் இறக்கினார்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் குழியின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்தாள். நினைத்த காரியம் முடிந்தவள்போல முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்பாவைப் புதைக்கிற நேரத்தில் இவளால் எப்படி இப்படி நிற்க முடிகிறது என்று எனக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் கையை நான் பிடிக்கவில்லை.