தம்புள்ளையில் ஒரு நாள் சென்னைக்காரர்

எங்கள் அப்பா ஒரு பகல் முழுவதும் சென்னைக்காரராக இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் இடையில் மாறியிருக்கிறது.

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் மேல்வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணினி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுடைய மகள் என் வகுப்பு. அவளோடு விளையாடிவிட்டு வந்து, "நாங்க பேசிட்டிருந்தோம்" என்று நான் வாய்தவறிச் சொன்னால் அப்பாவுக்குப் பொறுக்காது.

"இஞ்சை நாங்கள் கதைக்கிறனாங்கள். நீ வாயைத் திறந்தா சினிமாக் கொட்டகைக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார்.

எந்த ஊர் என்று யார் கேட்டாலும் யாழ்ப்பாணம் என்று சொல்ல வேண்டும், நோர்வே என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது என்பதும் வீட்டுச் சட்டம். வகுப்பில் அந்தச் சட்டத்தை நான் பிசகாமல் நிறைவேற்றி வந்தேன்.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு கோடை விடுமுறையில் முதன்முதலாக இலங்கைக்குப் போனோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் தம்புள்ளை மலைக்கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றது அம்மா. மலையேறி, குகைகள் இருந்த முற்றத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது காவலுக்கு நின்ற சிங்களப் பொலிஸ்காரர் ஆங்கிலத்தில், எந்த நாடு என்று சிரித்த முகத்தோடு கேட்டார்.

"இந்தியா. சென்னை" என்றார் அப்பா.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, மேல்வீட்டு மாமாவின் குரலில், "சீக்கிரம் வாங்க, உள்ள போய்ப் பார்க்கலாம்" என்றார். "ஆமாங்க" என்றது அம்மா. எங்கள் வீட்டில் ஆம் என்பதற்கு 'ஓம்' தவிர வேறு சொல்லை அம்மா அதுவரை பாவித்ததே இல்லை.

குகைகளுக்குள் பாறை வளைந்த இடமெல்லாம் ஓவியமும் கூடவே வளைந்து, கூரை முழுவதும் கூடாரத்துணி கட்டியதுபோல் இருந்தது. வரிசையாகப் புத்தர்கள். பாறையோடு பாறையாக நீளப் படுத்திருந்த ஒருவருடைய முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் அதே பொலிஸ்காரர் முற்றத்து அரசமர நிழலில் நின்றார். தமிழ்ப் படம் என்றால் தனக்கு உயிர் என்றார். கோயிலின் கதையையும் சொன்னார். பழைய காலத்தில் இந்தியாவிலிருந்து தமிழர்கள் படையெடுத்து வந்தபோது, தோற்ற ராசா இந்தக் குகைகளில்தான் ஒளிந்திருந்தாராம். பல வருடங்கள் கழித்து ஆட்சியைத் திரும்பப் பிடித்து, நன்றிக்காகக் கோயில் கட்டினாராம். "உங்கட ஆக்களுக்குப் பயந்துதான்" என்று அவர் ஆங்கிலத்தில் பகிடி விட, அப்பாவும் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா பொய் சொல்றார்!" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினேன்.

பிள்ளை என்ன பாஷை பேசுகிறது என்று கேட்டார் அவர்.

"ஹிந்தி" என்றது அம்மா, கண் சிமிட்டாமல்.

பொலிஸ்காரர் எனக்குக் கைகூப்பி நமஸ்தே சொன்னார்.

அத்தோடு விட்டாரா? யாழ்ப்பாணத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும், தான் அங்கே வேலை செய்தவர், நல்ல இடம் என்றார். அப்பா, "அப்படியா? இங்கிருந்து ரொம்பத் தூரமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கையை நீட்டி நீட்டி வழி சொன்னார். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. அப்பா ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார், முதன்முறையாகக் கேட்பவரைப் போல. இரவு நாங்கள் போய்ப் படுக்க இருந்தது அப்பா பிறந்த வீட்டில்.

அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை. மரியாதையாகத்தான் கதைத்தார். யுத்தம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லாரும் சொன்ன காலம் அது. அந்தக் காலத்தில்தான் ஒருவர் தன் வீட்டுக்குப் போகும் வழியை அந்நியனாக நின்று கேட்டார். எத்தனை வயதானாலும் இதை என்னால் விழுங்க முடியவில்லை. அப்பாவின் தமையன் ஒரு சோதனைச் சாவடியில், எந்த ஊர் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொன்னவர். அவர் வீடு திரும்பவில்லை. இதை எனக்கு அம்மா சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

வான் வண்டியில் ஏறியதும் வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன்: "அந்த ராசாவும் ஒளிச்சிருந்தவர்தான். ஆனா பொய் சொல்லேல்லை!"

"அவருக்கு ஒளிக்கக் குகை கிடைச்சது, பிள்ளை" என்றார் அப்பா. பழைய குரல் திரும்பியிருந்தது.

அம்மா அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் போத்தல் தண்ணீரை ஊற்றியது. இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். நடுப்பகல் வெயிலில் அந்த முற்றத்துக் கல்லில் வெள்ளைக்காரர்கள் காலுறையோடுகூடத் துள்ளித் துள்ளித்தான் ஓடினார்கள்.

"ரெண்டடி தள்ளி நிழல் கிடந்ததெல்லே, ஏனப்பா அங்கை போய் நிக்கேல்லை?" என்று கேட்டது அம்மா.

"அவர் கதைச்சு முடிக்கேல்லை" என்றார் அப்பா.

பொய் சொன்னதற்குப் புத்தர் கொடுத்த தண்டனை அது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தண்டனை போதும் என்று தோன்றவும் இல்லை. யன்னல் பக்கம் திரும்பி, வவுனியா வரும்வரை அவரோடு கதைக்காமல் வந்தேன்.