ஊர் பார்க்க வந்த அன்னாமேரி

1938-ஆம் வருஷம் தை மாசத்தில் அன்னாமேரி சைகோனிலிருந்து திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. சைகோன் சிறைச்சாலையில் காவலனாக இருந்த கணவன் அருள்சாமி, ஈரல் வீங்கி முந்தின வருஷம் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய அக்கா பவுனம்மாளின் வீடு வில்லியனூரை ஒட்டிய ஊரில் இருந்தது. அன்னாமேரி ஒரு தகரப் பெட்டியோடு அந்த வீட்டில் வந்து இறங்கினாள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் ஊர்க்கதைக்கு வந்தார்கள்.

"இனிமே இன்னா செய்யப் போற அன்னாமேரி?"

"நம்ம பக்கமெல்லாம் ஒரு தரம் பாக்கணும். வில்லியனூர் மாதா கோயிலு, பாகூர் ஏரி, மணப்பட்டுக் கடலு. பாத்துப் பதினேழு வருசம் ஆவுது."

"நல்லா கீது! கடல் தாண்டிப் போனவ கடல் பாக்கணும்ங்கறா" என்று ஒருத்தி சிரித்தாள். அன்றிலிருந்து, சைகோன்காரி ஊர் பார்க்க வந்திருக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது.

அன்னாமேரிக்கு ஏரியும் கடலும் ஒரு சாக்கு. போகிற இடத்துக்கெல்லாம் மகள் கூட வருவாள், வண்டியில் பக்கத்தில் உட்காருவாள், நாலு வார்த்தை பேசுவாள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மகள் பெயர் ஞானசௌந்தரி. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதுதான் அன்னாமேரி கப்பல் ஏறினாள். ரஜா எடுத்து ஊருக்கு வந்திருந்த அருள்சாமி பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். கப்பல் புறப்படும் நாள் காலையில் குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து பொரிந்திருந்தது. தட்டம்மை. புதுச்சேரித் துறைமுகத்து டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். அம்மை கண்ட குழந்தையைக் கப்பலில் ஏற்ற முடியாது. அருள்சாமி நின்றுவிட்டால் வேலை போய்விடும். அடுத்த ரஜாவுக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகும். கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தின் அடியில், கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போகும் சலங்குப் படகு காத்திருந்தது.

பவுனம்மாள்தான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீ போ மேரி. புருசன் ஒருத்தனா அங்க கெடந்து சீரழிய வேணாம். அம்மை எறங்கட்டும், அடுத்த கப்பல்ல தெரிஞ்சவங்களோட அனுப்பி வெக்கறேன். ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம்."

குழந்தை காய்ச்சல் மயக்கத்தில் அத்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழித்து ஒரு தரம் அழுதிருந்தால் படகிலிருந்து இறங்கியிருப்பேன் என்று அன்னாமேரி பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அது அழவில்லை.

இரண்டு மாசம் ஆறு மாசமாயிற்று. குழந்தை தேறவில்லை என்று கடிதம் வந்தது. பிறகு, கூட்டிவர நம்பகமான ஆள் இல்லை என்று வந்தது. அதற்குள் சைகோனில் அன்னாமேரிக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். 1926-இல் அருள்சாமிக்கு வரவேண்டிய ரஜா தள்ளிப்போயிற்று; தெரிந்த குடும்பம் ஒன்று புதுச்சேரிக்கு ரஜாவில் போனது. திரும்பும்போது ஞானத்தைக் கூட்டிவருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்னாமேரி அவளுக்கு நீலத்தில் ஒரு கவுன் தைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர்கள் கடிதத்தோடு மட்டும் வந்தார்கள். குழந்தைக்கு வலது காலில் வாதம், எழுந்து நடக்க முடியவில்லை, கடல் காற்று ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தது. அந்தக் காலுக்காக அன்னாமேரி நாலு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவேளைச் சோற்றை விட்டாள்.

அந்தக் கடிதம் வந்த மறு வருஷமே சைகோனில் காலரா வந்தது. இரண்டு பையன்களும் ஒரே வாரத்தில் போனார்கள். அதற்குப் பிறகு, ஞானத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் அருள்சாமி தலையை ஆட்டினான். "மிஞ்சினது அது ஒண்ணுதான் மேரி. அங்க உசுரோட இருக்கட்டும். இந்த ஊருக்கு வேணாம்." அவளுக்கும் பயம்தான். அடுத்த ரஜா வந்த வருஷம் அவனே படுத்த படுக்கையானான். பிறகு அவன் எழுந்து வேலைக்குப் போனதும் வந்து படுத்ததுமாகவே காலம் ஓடிப்போயிற்று. ஏம்பலத்தில் கரும்பு வைத்திருந்த தாமஸுக்கு ஞானத்தைக் கட்டிக்கொடுத்ததும் கடிதத்தில்தான் தெரிந்தது. கால் எப்படியோ சரியாகியிருக்கிறது, மாதா கண் திறந்துவிட்டாள் என்று அன்னாமேரி சந்தோஷப்பட்டாள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் மகளும் மருமகனும் பார்க்க வந்தார்கள். அருள்சாமியின் நெற்றியும் அன்னாமேரியின் தாயாரின் உயரமுமாக ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கினாள். அன்னாமேரி எழுந்து ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். பெண்ணும் அழுதாள். ஆனால் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அழுகிற அழுகை அது. கட்டிக்கொண்ட கைகள் தளர்ந்ததும் அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, தண்ணி குடுமா" என்றாள். பவுனம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெற்றவள் என்று தெரிந்தும் அன்னாமேரியை அவள் 'சைகோனம்மா' என்று கூப்பிட்டாள். 'நீங்க, வாங்க, சாப்பிடுங்க' என்று பேசினாள். பவுனம்மாளை 'நீ, வா, போ' என்றாள்.

மாசி மாசத்தில் ஒரு சனிக்கிழமை, தாமஸ் வண்டி கட்டிக்கொண்டு வர, முதலில் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனார்கள். குளத்தங்கரையில் ஞானசௌந்தரி நின்றாள்.

"இங்கருந்து பீடம் வரிக்கும் அம்மா முட்டிக்கால் போட்டு வந்துதாம், என்னைத் தோள்ல தூக்கிக்கினு. எனக்கு அம்மை போட்டுச்சே, அப்போ. முட்டி தேஞ்சு ரத்தம் வந்துடுச்சாம்."

அந்த அம்மையின்போது தான் எங்கே இருந்தோம் என்று அன்னாமேரி எண்ணிப் பார்த்தாள். கப்பலில், கொழும்பு தாண்டி, வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த வாரம் பாகூருக்கும் மணப்பட்டுக்கும் புறப்பட்டார்கள். அந்தப் பக்கத்துப் பாதை பிரெஞ்சு எல்லைக்குள் கொஞ்ச தூரம், இங்கிலீஷ் எல்லைக்குள் கொஞ்ச தூரம் என்று மாறி மாறிப் போகும். ஒரு சாவடியில் சுங்கக்காரன் வண்டியை நிறுத்தி, வைக்கோலை விலக்கிப் பார்த்தான். அன்னாமேரியின் சீனப் பட்டு ரவிக்கை அவன் கண்ணில் பட்டது.

"இந்தம்மா யாரு?"

தாமஸ் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஞானசௌந்தரி ஒரு நொடி யோசித்துச் சொன்னாள்: "சைகோன்லருந்து வந்துகீறாங்க. ஊர் பாக்க."

சுங்கக்காரன் கையை அசைத்தான். வண்டி நகர்ந்தது. பாகூர் ஏரி வரைக்கும் அன்னாமேரி ரவிக்கை தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. கரைமேல் நடந்துபோகும்போது ஞானசௌந்தரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். மதகு இது, இந்தப் பக்கம் கொக்கு இறங்கும், அந்தப் பனைமரத்தடியில்தான் அம்மாவும் நானும் கட்டுச்சோறு தின்போம். சின்ன வயதில் இதே கரையில் ஓடியாடிய அன்னாமேரி, புதிதாகப் பார்க்கிறவள் போல எல்லாவற்றுக்கும் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டால்தான் மகள் பேசிக்கொண்டிருப்பாள்.

மணப்பட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வலை காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டி இருவரும் ஈரமணலில் நடந்தார்கள். ஞானசௌந்தரிக்குக் கடலைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் இல்லாத குழந்தைத்தனம் வந்தது.

"எட்டு வயசுல அம்மா மொத மொதல்ல இங்க இட்டுக்கினு வந்துச்சு. பத்து நாள் இங்கியே தெரிஞ்சவங்க வூட்ல தங்கினோம். அம்மா அப்போ எதுக்கோ பயந்துகினே இருந்துச்சு, ஊர்ல யாரோ தேடி வருவாங்கன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் பாட்டுக்கு அந்தப் பாறைலருந்து இதோ இந்த எடம் வரிக்கும் நண்டு தொரத்திக்கினு ஓடுவேன். செம்படவப் பசங்களே என்னைப் புடிக்க முடியாது."

அன்னாமேரி நின்றாள்.

"எட்டு வயசுலயா? கால் வலிக்கலையா உனக்கு?"

"காலுக்கு இன்னா?"

"வலது கால்ல... சின்னதுல வாதம் வந்துது இல்ல?"

"எனக்கா? எங்காலுக்கு ஒண்ணும் வந்ததே இல்லியே சைகோனம்மா." அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, ஈரமணல் ஒட்டிய காலை நீட்டிக் காட்டிச் சிரித்தாள். நல்ல உரம் பாய்ந்த கால்.

அன்னாமேரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1926. தேடி வந்தவர்கள் அவள் அனுப்பிய ஆட்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் இந்த மணலிலேயே உடைந்துவிடும். மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ சொன்னாங்க. வேற புள்ளயப் பத்தி இருக்கும்" என்றாள் அன்னாமேரி.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் பவுனம்மாள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அன்னாமேரி வாசலில் வந்து நின்றாள். பவுனம்மாள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"மணப்பட்டுல சொல்லிச்சா?"

"அண்ணி, நாலு வருசம் அந்தக் காலுக்காகப் பட்டினி கெடந்தேன்."

பவுனம்மாள் சாணிக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மொதல்ல நெசமாத்தான் அனுப்பணும்னு இருந்தேன் மேரி. மாதா மேல ஆணை. அது தேறவே நாலு மாசமாச்சு. அப்புறம் அதும் என் பின்னாடியே சுத்திச்சு. அம்மான்னுது. எனக்குப் புருசனும் இல்ல, புள்ளயும் இல்ல. நீ ஆள் அனுப்பினப்போ உங்கிட்ட ரெண்டு புள்ளங்க இருந்துதுங்க. எனக்கு இது ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"அந்த ரெண்டும் போயிடுச்சே."

"தெரியும். அந்தக் கடுதாசி வந்த அன்னிக்குக் கெணத்துல விழலாம்னு போனேன். ஆனா புள்ளயத் தர மட்டும் மனசு வரல. நான் பாவி." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஞானத்துக்கிட்ட சொல்லப் போறியா?"

அன்னாமேரிக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கிழவியின் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவளுடைய முட்டியில் பழைய தழும்பு தெரிந்தது.

"சொன்னா எனக்கு இன்னா கெடைக்கும்? என்னை அம்மான்னு கூப்பிட அதுக்கு வாய் வராது. உன்னைக் கூப்பிடற வாயும் அடைச்சுப்போவும். அப்புறம் அதுக்கு யார் இருக்கா?"

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். ஆனால் ஆறு மாசம் முடிவதற்குள் அன்னாமேரி கப்பலுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். ஏன் போகிறாய் என்று ஊரே கேட்டது. அங்கே இரண்டு பிள்ளைகளும் புருஷனும் கிடக்கிறார்கள், கல்லறைக்கு விளக்கு வைக்க ஆள் இல்லை என்றாள். அது பொய்யும் இல்லை. அவளை அம்மா என்று கூப்பிட்டவர்கள் அந்த மண்ணில்தான் இருந்தார்கள்.

புதுச்சேரிப் பாலத்துக்கு ஞானசௌந்தரி வந்திருந்தாள். ஒரு துணி மூட்டையில் முறுக்கும் வெல்லமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னும் வேளாங்கண்ணி பாக்கலியே நீங்க. ஆவணியில இட்டுக்கினு போறேன்னு அவரு சொல்லிக்கினு இருந்தாரு. இருந்துட்டுப் போலாமே."

அன்னாமேரி அவள் கன்னத்தைத் தொட்டாள். இரு என்று இன்னொரு தரம் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். மகள் சொல்லவில்லை. சலங்கு புறப்பட்டது.

கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அங்கே மழை, இங்கே கரும்பு வெட்டு என்று இரண்டு பக்கமும் நாலு வரி எழுதிக்கொண்டார்கள். பிறகு யுத்தம் வந்து கப்பலும் கடிதமும் நின்றுபோயின. 1942-இல் பவுனம்மாள் படுத்தாள். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுச் சாமியார் போன பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, காலில் வாதம் என்று எழுதிய கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். ஞானசௌந்தரி அவளுக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நாற்பது நாள் போனதும் சைகோனுக்கு ஒரு கடிதம் எழுதிப் புதுச்சேரி தபாலாபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்த குமாஸ்தா, சைகோனுக்கு எதுவும் போகாதம்மா, ஜப்பான்காரன் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

1946-இல் சைகோனில் துணிக்கடை வைத்திருந்த ஜாபர் அலி என்பவர் வில்லியனூருக்குத் திரும்பி வந்தார். விசாரித்துக்கொண்டு ஏம்பலத்துக்கு நடந்தே வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். அன்னாமேரி இறந்து இரண்டு வருஷம் ஆயிற்று. யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில் உடம்பு தாங்கவில்லை, காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். பையன்களுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

"யாராவது கூட இருந்தாங்களா?" என்று ஞானசௌந்தரி கேட்டாள்.

"எங்க வூட்ல ரஹ்மத் பீவி இருந்துச்சும்மா. கடைசி ரெண்டு நாளும் அதுதான் கஞ்சி ஊத்திச்சு."

அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலம் தாமஸ் வயலிலிருந்து வந்தான். அடுப்பு மூட்டாமல் கிடந்தது. அவள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"எங்கம்மா செத்துட்டாங்களாம்."

அவனுக்குப் புரியவில்லை. "அவங்க செத்து நாலு வருசமாச்சே, இப்ப இன்னா..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கை கால் கழுவாமலே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.