குகை வாசலில் கொளுத்திய கற்பூரம்

காலை பத்தேகால் மணிக்கு அந்தப் பிழையைச் செய்தேன். மார்கழி விடுமுறையில் கணவரும் நானும் மகளோடு கப்பல்துறைக்கு அப்பாலுள்ள மலைக்குகையைப் பார்க்க ஏறியிருந்தோம். உள்ளே போகப் பயந்து, வாசலில் கற்பூரம் கொளுத்தினேன்.

“கும்பிட்டது காணும், வாங்கோ அம்மா,” என்று மகள் சிரித்தபடி அவசரப்படுத்தினாள்.

அதற்குள் புகை எழும்பி, பாறையில் நான் கவனிக்காத தேன்கூட்டைக் கலைத்துவிட்டது. முன்பு ஒரு குளவி குத்தியே மகளுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. அவளைக் கிடத்தி, மழைக்கோட்டால் மூடி, மேலே கவிழ்ந்து படுத்தேன். கணவர் உதவி தேடி ஓடினார். தேனீக்கள் என் கழுத்திலும் கைகளிலும் குத்தின.

இப்போது எங்கு போனாலும் முதலில் தலைக்கு மேலே பார்க்கிறேன். கற்பூரத்தை வீட்டிலேயே கொளுத்திவிட்டுப் புறப்படுகிறேன்.

அன்று அரை மணி நேரம் கழித்துக் கணவரோடு வந்தவர், மலையடியில் மாடு மேய்ப்பவர். மழைக்கோட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளைக்கு ஒண்டுமில்லை, அக்கா. தேனீயும் போயிட்டுது. எழும்புங்கோ, அவள் மூச்சு விடட்டும்.”